வீட்டில் கட்டிய மாஷ் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூலர் பெட்டி (ஐஸ் பெட்டி), துணிப் பை, வாளி என்று மாறி மாறி வைத்து வீட்டில் பீர் காய்ச்சிப் பார்த்ததில், புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் 20 லிட்டர் பீருக்கு, 5 கிலோ மால்ட்டுக்கு. டிகிரி எல்லாம் செல்சியஸ். வீட்டில் பீர் காய்ச்சுவதற்குச் சட்டம் இடம் தருகிற ஊரில் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாஷ்னா என்ன? எக்ஸ்ட்ராக்ட் டப்பாவிலயே நல்ல பீர் வருதே, எதுக்கு இந்த வேலை?

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். அதை உடைத்துச் சுடுநீரில் ஊறவைத்து, உள்ளே இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது மாஷ். மாற்றுகிற வேலையைச் செய்பவை மால்ட்டிலேயே இருக்கும் நொதிகள். வடித்து எடுக்கிற இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். எக்ஸ்ட்ராக்ட் என்பது வேறொருவர் இந்த வேலையை முடித்து, நீரை வற்றவைத்து டப்பாவில் அடைத்துத் தருவது.

டப்பாவில் நல்ல பீர் வரும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பீர் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், எவ்வளவு வறண்டு (இனிப்பு மிஞ்சாமல்) முடிய வேண்டும் என்பது மாஷிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை நீங்களே எடுக்க விரும்பினால்தான் இந்த வேலை. அப்புறம், மால்ட்டின் மேல் சுடுநீர் விழுந்த முதல் நிமிடத்தில் எழுகிற வாசனை இருக்கிறதே, அது எந்த டப்பாவிலும் கிடையாது.

எல்லாரும் 66 டிகிரின்னு சொல்றாங்க. அதுல என்ன விசேஷம்?

இரண்டு நொதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும். மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து மால்ட்டோஸ் என்கிற சர்க்கரையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வரும், ஈஸ்ட் அதை முழுசாகத் தின்றுவிடும். சூடு 65-ஐத் தாண்டத் தாண்ட இது சீக்கிரம் செயலிழக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 68 முதல் 72 வரை தெம்பாக இருக்கும், சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். அப்படி வெட்டியதில் ஈஸ்ட் தொட முடியாத துண்டுகளும் மிஞ்சும். அவைதான் பீருக்குக் கனம் தருகின்றன.

66 என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். 64-இல் வைத்தால் பீர் வறண்டு, லேசாக முடியும். 69-இல் வைத்தால் வாயில் திடமாக நிற்கும். ஒரே மால்ட்டை இந்த இரண்டு சூட்டிலும் தனித்தனியாகக் காய்ச்சிக் குடித்துப் பாருங்கள். நான் இங்கே எழுதுகிற எதையும்விட அது தெளிவாகப் புரியவைக்கும்.

பை, கூலர், ரெண்டு வாளி இதுல எதை முதல்ல கட்டலாம்?

பை. தயக்கமே வேண்டாம். பெரிய பாத்திரம் ஒன்று, அதற்குள் அடங்குகிற மெல்லிய வலைத்துணிப் பை ஒன்று. மொத்த நீரையும் சூடாக்கி, பையைப் போட்டு, மால்ட்டைக் கொட்டி, ஒரு மணி நேரம் போர்வை சுற்றி வைத்து, பையைத் தூக்கி வடியவிட்டால் மாஷ் முடிந்தது. வோர்ட் அதே பாத்திரத்தில் கொதிக்கும். ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பரப்பிவிட்ட முறை இது. ஒரே சிரமம் தூக்குவதுதான். ஊறிய 5 கிலோ மால்ட் நீரோடு சேர்ந்து 10 கிலோவைத் தாண்டும், கையைச் சுடுகிற சூட்டில் சொட்டிக்கொண்டே வரும். மேலே ஒரு கொக்கியும் கப்பியும் மாட்டிக்கொள்ளுங்கள். கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கூலர் பெட்டி சூட்டைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன். அடியில் வடிகட்டி ஒன்றும், பக்கத்தில் ஒரு வால்வும் வேண்டும். உமியே படுகையாகப் படிந்து வோர்ட்டைத் தெளிய வைப்பதால் பையைவிடச் சுத்தமான வோர்ட் வரும். வடிகட்டிக்குத் துளையிட்ட செப்புக் குழாய், துளைத்தட்டு, எஃகுப் பின்னல் குழாய் எல்லாம் பயன்படும். பின்னல்தான் மலிவு. ஆனால் என் முதல் கூலரில் வால்வைத் திறந்தபோது வோர்ட் நூல்போல் ஒழுகி அப்படியே நின்றுவிட்டது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால், மால்ட்டின் பாரத்தில் பின்னல் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. தடிமனான செப்புக் கம்பியைச் சுருளாக வளைத்து அதற்குள் நுழைத்த பிறகு இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வாளி முறையில் ஒரு வாளியின் அடியில் நூற்றுக்கணக்கில் சின்னத் துளை போட்டு, வால்வு வைத்த இன்னொரு வாளிக்குள் இறக்குவார்கள். வடிப்பதற்கு நன்றாக இருக்கும், சூட்டைத்தான் பிடிக்காது. பாத்திரத்தில் மாஷ் செய்து, வடிக்க மட்டும் இதில் கொட்டுவது நல்லது.

பாத்திரம் எவ்வளவு பெருசா வேணும்? தண்ணிக் கணக்கு எப்படி?

கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நொதிக்கும் கலனுக்குள் 20 லிட்டர் போக வேண்டும். அடிக்கலங்கலில் 1 லிட்டர் போகும். ஒரு மணி நேரக் கொதியில் சுமார் 3 லிட்டர் ஆவியாகும் (இது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் அடுப்பையும் பொறுத்தது, ஒருமுறை வெறும் நீரைக் கொதிக்கவிட்டு அளந்துகொள்ளுங்கள்). அப்படியானால் கொதிக்கு முன் 24 லிட்டர் வேண்டும். மால்ட் ஒரு கிலோவுக்குச் சுமார் 1 லிட்டரைக் குடித்துக்கொள்ளும், 5 லிட்டர் அதில் போய்விடும். வால்வுக்குக் கீழே அரை லிட்டர் தங்கும். மொத்தம் 29.5 லிட்டர். பையாக இருந்தால் பிழிந்துவிடலாம், கிலோவுக்கு 0.6 லிட்டர் போனால் அதிகம். 27 லிட்டரில் முடிந்துவிடும்.

மால்ட்டும் இடம் பிடிக்கும், கிலோவுக்கு ஏறத்தாழ 0.67 லிட்டர். பை முறையில் 27 லிட்டர் நீரோடு 3.4 லிட்டர் சேர்ந்து 30-ஐத் தாண்டுவதால் 40 லிட்டர் பாத்திரம் வாங்குங்கள். கூலரில் முதலில் 15 லிட்டர்தான் ஊற்றுகிறோம் (மிச்சம் பிறகு சக்கையைக் கழுவ), 30 லிட்டர் பெட்டி போதும். ரொம்பப் பெரிய பெட்டியில் மேலே காலியாகக் கிடக்கிற இடம் சூட்டைத் தின்னும்.

66-ல மாஷ் பண்ணணும்னா தண்ணி எத்தனை டிகிரியில இருக்கணும்?

மால்ட் குளிர்ந்திருப்பதால் நீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கணக்கு சுலபம்தான். ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் நீரோ அந்த எண்ணால் 0.41-ஐ வகுங்கள். வந்ததை, வேண்டிய சூட்டுக்கும் மால்ட்டின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். அதை வேண்டிய சூட்டோடு கூட்டினால் நீரின் சூடு. 5 கிலோவுக்கு 15 லிட்டர், மால்ட் 25 டிகிரியில் இருக்கிறது என்றால், 0.41-ஐ 3-ஆல் வகுத்து 41-ஆல் பெருக்க 5.6. நீர் 71.6 டிகிரி. அதே மால்ட்டுக்குப் பை முறையில் 27 லிட்டர் என்றால் 69 டிகிரியே போதும்.

இந்தக் கணக்கில் பெட்டியின் சூடு சேரவில்லை. கொதிநீர் கொஞ்சம் ஊற்றி மூடி, பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். அப்படியும் முதல் தடவை ஒன்றிரண்டு டிகிரி தவறும். அந்த வித்தியாசத்தை எழுதி வைத்தால் அதுதான் உங்கள் பெட்டியின் கணக்கு.

கடையில இருக்கிற சாதா பி.வி.சி. குழாய் போடலாமா?

வேண்டாம். சாதாரண பி.வி.சி. 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். சுடுநீருக்கென்று வருகிற சி.பி.வி.சி. மாஷ் சூட்டைத் தாங்கும். செம்பு, துருப்பிடிக்காத எஃகு இரண்டும் நல்லவை. துத்தநாகம் பூசிய இரும்பு கூடவே கூடாது. வோர்ட் லேசான அமிலம், பூச்சைக் கரைத்துவிடும். வளைகிற குழாய்க்கு சிலிக்கோன். எஃகுப் பின்னல் வாங்கும்போது கத்தரியால் நுனியை வெட்டிப் பாருங்கள், எஃகு நிறத்தில் பிளாஸ்டிக் பின்னலும் வருகிறது. உள்ளே இருக்கிற ரப்பர் குழாயை உருவி எறிந்துவிட வேண்டும்.

மில் இல்லை. மிக்ஸியில அடிச்சுக்கலாமா?

பையில் மாஷ் செய்வதாக இருந்தால், விட்டு விட்டு அடித்துக் குருணையாக எடுத்துக்கொள்ளலாம். கூலரில் வேண்டாம். கூலரில் உமிதான் வடிகட்டி. மிக்ஸி உமியையும் சேர்த்துத் தூளாக்கிவிடும், படுகை களிமண்போல் இறுகிவிடும்.

நல்ல உடைப்பு எப்படி இருக்கும் என்றால், உமி கூடு போல முழுசாகப் பிளந்து கிடக்கும், உள்ளிருக்கும் பருப்பு நாலைந்து துண்டாகியிருக்கும், மாவு கொஞ்சம்தான் இருக்கும். உருளை மில்லில் இடைவெளி கூலருக்கு 0.9 முதல் 1 மில்லிமீட்டர், பைக்கு 0.7 வரை இறக்கலாம். ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். முழுத்தானியம் தென்பட்டால் அதற்குள் இருக்கிற சர்க்கரை உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. மாஷ் அமைப்பை மாற்ற நினைக்கிற பலருக்கு உண்மையில் மாற்ற வேண்டியது உடைப்பைத்தான்.

மால்ட் போட்டதும் 63-தான் காட்டுது. வேற வழி இருக்கா?

பதறாதீர்கள். முதலில் நன்றாகக் கிளறிவிட்டு இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மால்ட் கட்டிகட்டியாக இருந்தால் ஓரிடத்தில் 63, ஒரு சாண் தள்ளி 68 என்று காட்டும். உண்மையிலேயே 63 என்றால், நம் கணக்கில் 1.5 லிட்டர் கொதிநீர் ஊற்றினால் 66-க்கு வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். அதிகமாகிவிட்டால் மூடியைத் திறந்து கிளறலாம், அல்லது குளிர்ந்த நீர் சேர்க்கலாம். இதில் மட்டும் சீக்கிரம் வேண்டும். 70-க்கு மேல் நின்றால் பீட்டா அமைலேஸ் சில நிமிடங்களில் போய்விடும், சூட்டைக் குறைத்தாலும் திரும்பி வராது.

ஒரு மணி நேரத்தில் 66-இலிருந்து 64 ஆவது சகஜம். மாற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே நடந்துவிடும் என்பதால் பின்னால் குறைவதைத் துரத்த வேண்டாம்.

அயோடின் டெஸ்ட் பண்ணா கறுப்பாவே இருக்கு. இன்னும் எவ்வளவு நேரம் விடறது?

வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வோர்ட், பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின். இரண்டும் கலக்கிற இடத்தில் கருநீலம் வந்தால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது. அயோடின் நிறமே நின்றால் மாற்றம் முடிந்தது. தெளிந்த வோர்ட்டை மட்டும் எடுங்கள். உமித்துணுக்கு ஒன்று விழுந்தாலும் அது கறுக்கும், மாஷ் எவ்வளவு முடிந்திருந்தாலும் கறுக்கும். சோதித்த சொட்டைத் திருப்பி ஊற்றாமல் கொட்டிவிடுங்கள்.

சுத்தமான வோர்ட்டும் 60 நிமிடத்தில் கறுக்கிறது என்றால் இன்னொரு அரை மணி விடலாம். அப்போதும் மாறவில்லையென்றால் உடைப்பையும் தெர்மாமீட்டரையும் சந்தேகப்படுங்கள். ஐஸ் கலந்த நீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள் (உயரமான ஊர்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும்).

வால்வைத் திறந்தா சொட்டு சொட்டாத்தான் வருது. என்ன பண்ண?

வால்வை மூடுங்கள். முதல் வேகத்தில் முழுசாகத் திறந்ததால் படுகை கீழே இழுபட்டு இறுகியிருக்கும். குழாய் வழியாகவே ஒரு லிட்டர் சுடுநீரைக் கீழிருந்து மேலே மெல்லச் செலுத்தினால் படுகை மிதந்து எழும். வசதி இல்லையென்றால் முழுக்கக் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு, வால்வைக் கால்வாசி மட்டும் திறங்கள். முதலில் வருகிற இரண்டு மூன்று லிட்டர் கலங்கலாக இருக்கும், அதை அலுங்காமல் மேலேயே திருப்பி ஊற்றுங்கள். கோப்பையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் மோர் போலக் கலங்கியிருந்தது திடீரென்று தேன் நிறத்தில் தெளியும். அதிலிருந்து சேகரிக்கலாம்.

கோதுமை, ஓட்ஸ் அவல் நிறையப் போடுகிற பீரில் இது அடிக்கடி நடக்கும். கோதுமைக்கு உமியே கிடையாது. மொத்தத்தில் பாதி கோதுமை என்றால் கழுவிய நெல் உமி இரண்டு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள், சுவையில் எதுவும் சேராது. பின்னல் நசுங்கினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஸ்பார்ஜ் எப்படிப் பண்ணறது? மேலேருந்து தூவணுமா, மொத்தமா ஊத்தணுமா?

ஸ்பார்ஜ் என்பது சக்கையில் ஒட்டியிருக்கிற சர்க்கரையை மறுபடி சுடுநீரால் கழுவி எடுப்பது. தூவுகிற முறையில் மேலே எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவே கீழே வடிய வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும், வடிகட்டி பெட்டியின் அடி முழுவதும் சமமாக இழுக்க வேண்டும். ஒற்றைப் பின்னல் குழாய் வைத்த பெட்டிக்கு அது ஒத்துவராது. நீர் ஒரு பக்கமாக வழி போட்டுக்கொண்டு இறங்கிவிடும்.

மொத்தமாக ஊற்றுவதே வீட்டு அமைப்புக்கு ஏற்றது. முதல் வடியை முழுசாக எடுத்துவிட்டு, மிச்ச நீரைச் சேர்த்து, நன்றாகக் கிளறி, மறுபடி வடியுங்கள். இரண்டு வடியும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் கழுவல் நன்றாக இருக்கும். ஸ்பார்ஜ் நீர் 77 டிகிரிக்குள் இருக்கட்டும். நீரின் காரத்தன்மையும் சூடும் ஒன்றாகக் கூடினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

ஓ.ஜி. 1.048-தான் வருது. ரெசிபியில 1.055. எங்க தப்பு?

ஓ.ஜி. என்றால் நொதிப்பதற்கு முன் எடுக்கிற அடர்த்தி. முதலில் ஹைட்ரோமீட்டரில் ஊற்றிய வோர்ட் ஆறியிருந்ததா? சூடாக இருந்தால் குறைவாகத்தான் காட்டும். ஆறிய வோர்ட்தான் என்றால் கணக்குப் போடுவோம். 1.048 என்பதை 48 புள்ளி என்போம். ஒரு கிலோ மால்ட் ஒரு லிட்டரில் அதிகபட்சம் சுமார் 300 புள்ளி தரும். 5 கிலோவுக்கு 1500. உங்களிடம் இருப்பது 20 லிட்டரில் 48 புள்ளி, அதாவது 960. 64 சதவீதம். வீட்டு அமைப்பில் 65 முதல் 75 வரை கிடைத்தால் எனக்குத் திருப்தி. ரெசிபி எழுதியவர் 73-ஐ வைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

இழப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்பார்ஜுக்கு முன் முதல் வடியை மட்டும் அளந்து பாருங்கள். கிலோவுக்கு 3 லிட்டர் என்ற விகிதத்தில் மாற்றம் முழுசாக நடந்திருந்தால் 1.080-க்குப் பக்கத்தில் வரும். 1.065 என்றால் சர்க்கரை முழுசாக உருவாகவில்லை. உடைப்பு, சூடு, நேரம், பி.எச். இவற்றில் ஒன்று காரணம். 1.080 வந்தும் முடிவில் குறைந்தால் சர்க்கரை சக்கையிலும் வால்வுக்குக் கீழேயும் தங்கிவிடுகிறது, ஸ்பார்ஜைச் சரிசெய்யுங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உடைப்பையும் வடிகட்டியையும் சேர்த்து மாற்றி, 72 வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

பி.எச்., தண்ணி இதெல்லாம் பார்க்கணுமா?

குளோரினை முதல் நாளிலிருந்தே பாருங்கள். குழாய்நீரில் குளோரினோ குளோரமினோ இருந்தால் பீரில் மருந்து வாடை வரும். காம்ப்டென் மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டருக்குப் போதும், நமக்கு அரை மாத்திரை. கொதிக்கவைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் லேசில் போகாது.

பி.எச். அடுத்த கட்டம். ஆறவைத்த மாதிரியில் 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். கார நீரில் வெளிர்ந்த மால்ட் மட்டும் போட்டால் இதைத் தாண்டும், சில மில்லி லாக்டிக் அமிலம் சேர்த்தால் இறங்கும். கறுத்த மால்ட் தானாகவே இறக்கிவிடும். ஒரே நீரில் கறுப்பு பீர் அருமையாகவும் வெளிர் பீர் துவர்ப்பாகவும் வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அரிசி, மக்காச்சோளம் போட்டா மால்ட் குறைச்சுக்கலாமா?

போடலாம், ஆனால் நேராக மாஷில் கொட்டினால் வீண். பார்லியின் மாவுச்சத்து மாஷ் சூட்டிலேயே வெந்து இளகும். இந்த இரண்டுக்கும் அந்தச் சூடு போதாது. தனியாகக் குழைய வேகவைத்துச் சேர்க்க வேண்டும். அவலாகத் தட்டியது ஏற்கெனவே வெந்தது என்பதால் நேராகப் போடலாம். இன்னொன்று, இவற்றில் நொதி இல்லை. வறுத்த மால்ட்டிலும் கிரிஸ்டல் மால்ட்டிலும் இல்லை. மொத்தத்தில் முக்கால் பங்காவது வெளிர் மால்ட்டோ பில்ஸ்னர் மால்ட்டோ இருந்தால் அயோடின் சோதனையில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

பம்ப், ஹீட்டர் வெச்சு படிப்படியா சூடேத்தணும்னு ஆசை. சூ வீட் கருவியை உள்ளே போட்டுடலாமா?

சூ வீட் என்பது நீரைச் சுழற்றி ஒரே சூட்டில் வைக்கிற சமையல் கருவி. அதை மால்ட்டுக்குள் நேராகப் போட வேண்டாம். உமி உள்ளே போய் அடைக்கும், சூடாகிற பாகத்தில் வோர்ட் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் பீர் முழுவதும் பரவும். பெரிய தொட்டியில் நீர் ஊற்றிக் கருவியை அதில் வைத்து, மாஷ் பாத்திரத்தை நடுவில் இறக்கினால் அழகாக வேலை செய்யும். வோர்ட்டைப் பம்ப் மூலம் சுடுநீருக்குள் கிடக்கும் செப்புச் சுருள் வழியே ஓடவிடுவதும் இதே யோசனைதான். வோர்ட்டையே ஹீட்டர் மேல் ஓடவிடுகிற அமைப்பில், ஓட்டம் நின்றால் ஹீட்டரும் நிற்கிற மாதிரி இணைப்பு இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் இன்று விற்கிற மால்ட்டுக்கு ஒரே சூடு போதும். 50-இல் நீண்ட நேரம் வைத்தால் நுரை நிற்காமல் போகிற ஆபத்தும் இருக்கிறது. படிப்படியாக ஏற்றிப் பார்க்க ஆசையிருந்தால் பம்ப் இல்லாமலே செய்யலாம். மாஷின் கெட்டியான பகுதியில் மூன்றில் ஒரு பங்கை அள்ளித் தனியாகக் கொதிக்கவைத்துத் திருப்பிச் சேருங்கள், சூடு தானாக ஏறும். கெட்டியாக அள்ளச் சொல்வதற்குக் காரணம், நொதிகள் நீரில் கரைந்து நிற்பதால் அவை கொதியில் சாகாமல் பெட்டியிலேயே தங்கும்.

ராத்திரி மாஷ் போட்டுட்டுத் தூங்கிட்டுக் காலையில வடிக்கலாமா?

கூலரில் செய்யலாம், நானும் செய்கிறேன். இரவெல்லாம் சூடு மெல்ல இறங்குவதால் பீட்டா அமைலேஸ் நெடுநேரம் வேலை செய்து பீர் வழக்கத்தைவிட வறண்டு முடியும். வேண்டாமென்றால் 68-இல் ஆரம்பியுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மாஷ் 50-க்குக் கீழே வெகுநேரம் கிடந்தால் மால்ட்டின் மேலே இயல்பாகவே இருக்கிற லாக்டிக் பாக்டீரியா விழித்துக்கொள்ளும், புளிக்கும். பெட்டியைக் கழுத்துவரை நிரப்பி, மாஷின் மேல் அலுமினியத் தாளைப் படியவிட்டு, மூடிக்கு மேலே இரண்டு போர்வை போடுங்கள். காலையில் மூடியைத் திறந்ததும் தெர்மாமீட்டரை விடுங்கள், அப்புறம் மோந்து பாருங்கள். 55-க்கு மேல் இருந்து, இனிப்பு வாசனையே வந்தால் வால்வைக் கால்வாசி திறக்கலாம்.